வீட்டுக்குள் வெள்ளித்திரை: புரொஜெக்டர் வாங்கும் முன்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. 5.1 ஸ்பீக்கர் செட்டும் ஹாலுக்கு வந்துவிட்டது. அடுத்து, "ஒரு புரொஜெக்டர் வாங்கினால் வீடே தியேட்டர்தானே?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். ஆகும். ஆனால் பணத்தை எடுத்து வைக்கும்போது, முதல் செலவாக ஜன்னல்களுக்குத் தடிமனான திரைச்சீலையை எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

டி.வி. தன் திரையிலிருந்தே வெளிச்சத்தை அனுப்புகிறது. புரொஜெக்டர் வெளிச்சத்தைத் திரை மீது பாய்ச்ச, அது பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் எதை வேண்டுமானாலும் பாய்ச்சலாம். கறுப்பைப் பாய்ச்ச முடியாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது மட்டுமே புரொஜெக்டரால் ஆகிற காரியம். அந்த இடத்தில் நாம் பார்ப்பது வெறும் திரையைத்தான். அறையில் விளக்கு எரிந்தால் வெள்ளைத் திரை வெளுப்பாகத்தானே தெரியும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள 16:9 திரையின் அகலம் சுமார் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். டிஜிட்டல் சினிமா தியேட்டர்களில் வெள்ளை நிறத்துக்கு வைத்திருக்கும் பிரகாச அளவு 48 நிட். இந்த 100 அங்குலத் திரையில் அதே பிரகாசத்தைக் கொண்டுவர சுமார் 415 லூமென் போதும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இருட்டில் இவ்வளவுதான். இப்போது டியூப் லைட்டைப் போடுங்கள். திரையில் 100 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால், கறுப்பாக இருக்க வேண்டிய இடமும் ஏறக்குறைய 32 நிட் பிரகாசத்தில் மின்னும். வெள்ளை 80, கறுப்பு 32. இரவுக் காட்சியில் கதாநாயகன் எங்கே நிற்கிறான் என்று தேட வேண்டியதுதான். 2,000 லூமென் புரொஜெக்டர் வாங்கினாலும், விளக்கு எரியும் வரை கறுப்பைவிட வெள்ளை எட்டு மடங்குதான் பிரகாசமாக இருக்கும்.

இதைக் காசு செலவில்லாமல் சோதித்துவிடலாம். திரை மாட்ட நினைக்கும் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். நீங்கள் படம் பார்க்கும் நேரத்தில், ஜன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்து, உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். வேட்டி எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறதோ, உங்கள் படத்தில் கறுப்பு அவ்வளவு வெளுப்பாக இருக்கும். பகல் இரண்டு மணிக்கு வேட்டி பளிச்சென்று தெரியும் ஹாலில் இருப்பவர்களுக்கு என் யோசனை: பெரிய டி.வி. வாங்குங்கள்.

சுவரும் கூரையும்கூட இதில் சேர்த்தி. திரையில் பட்ட வெளிச்சம் வெள்ளைக் கூரைக்குப் போய், மறுபடி திரைக்கே வந்து கறுப்பை வெளுக்க வைக்கும். என் அறையில் திரைக்கு அருகே உள்ள கூரைப் பகுதிக்கு மட்டும் பளபளப்பில்லாத அடர் பழுப்புப் பெயின்ட் அடித்தேன். (கறுப்புக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.) நம் படங்களுக்கு இது முக்கியம். 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். இன்றும் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் அந்த அகலத்தில்தான் வருகின்றன. 16:9 திரையில் அவற்றைப் போட்டால் மேலும் கீழும் ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகமான பட்டைகள் காலியாக நிற்கும். அவை சாம்பல் நிறமாகத் தெரிந்தால் படம் முழுவதும் கண்ணை உறுத்தும்.

இனி கடைக்குப் போகலாம். அட்டைப் பெட்டியில் "9,000 லூமென்" என்று எழுதி, குறைந்த விலையில் விற்கும் சிறு புரொஜெக்டர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘ஆன்சி லூமென்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமென்’ எவ்வளவு என்று கேளுங்கள். வேறு எந்த லூமெனும் ஒப்பிட உதவாது. சரியாக அளந்த அளவும் மிகப் பிரகாசமான மோடில் கிடைப்பது. நிறம் சரியாக இருக்கும் ‘சினிமா’ மோடில் குறையும். அதனால் இருட்டு அறைக்கு 1,000 ஆன்சி லூமெனுக்கு மேல் இருந்தால் நிம்மதி.

அதேபோல "1080பி சப்போர்ட்" என்றால் அந்த சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். உள்ளே இருப்பது 1280 x 720 புள்ளிகளாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ன என்று கேளுங்கள். 4கே என்று வரும் பல புரொஜெக்டர்களில் 1920 x 1080 சிப் ஒன்று தரும் படமே மிக வேகமாக இடம் மாறி நான்கு மடங்கு புள்ளிகளைக் காட்டுகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. படம் நன்றாகவே இருக்கும்.

லேம்ப் வகையா, லேசரா? லேம்ப் பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரத்தில் பாதிப் பிரகாசத்துக்கு இறங்கும். தினம் இரண்டு மணி நேரம் பார்த்தால் நான்கு முதல் ஏழு ஆண்டுகள். லேசருக்கு 20,000 மணி நேரம் என்று நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. விலை அதிகம். லேம்ப் வாங்குபவர்கள் அதை யு.பி.எஸ்.சில் இணையுங்கள். ஓடும்போது கரன்ட் போனால் விசிறி நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். அது லேம்ப்புக்கு நல்லதல்ல.

எங்கே மாட்டுவது? ‘த்ரோ ரேஷியோ’ என்ற எண்ணைத் திரையின் அகலத்தால் பெருக்குங்கள். 1.5 என்றால், 87 அங்குல அகலத்துக்கு லென்ஸ் கிட்டத்தட்ட 11 அடி தள்ளி இருக்க வேண்டும். அறை அவ்வளவு நீளம் இல்லையென்றால் குறைந்த எண் உள்ள மாடலைத் தேடுங்கள். கோணலாக மாட்டிவிட்டு ‘கீஸ்டோன்’ வசதியால் நேராக்கிக்கொள்ளலாம் என்பார்கள். அது படத்தைச் சுருக்கி, புள்ளிகளை வீணாக்கி நேராக்குவது. லென்ஸையே நகர்த்தும் ‘லென்ஸ் ஷிப்ட்’ இருந்தால் அந்த இழப்பு இல்லை. உட்காரும் தூரம் 100 அங்குலத் திரைக்கு 10 முதல் 13 அடி வரை.

திரைக்கு ‘கெயின்’ 1.0 முதல் 1.3 வரை உள்ள சாதாரண வெள்ளைத் திரை போதும். முதல் சில மாதங்கள் வெள்ளைச் சுவரிலேயே ஓட்டிப் பார்த்து, அளவை முடிவு செய்த பிறகு திரை வாங்கினாலும் தவறில்லை. டி.வி.யை விற்றுவிடாதீர்கள். அதன் முன்னால் சுருட்டி இறக்கும் திரையை மாட்டினால், பகலில் செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் டி.வி., இரவில் படத்துக்குத் திரை.

ஒலியை மறந்துவிட வேண்டாம். கூரையில் தொங்கும் புரொஜெக்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு மறுபடி வயர் இழுப்பது வீண் வேலை. பிளேயர், லேப்டாப் எல்லாவற்றையும் முதலில் ஏ.வி. ரிசீவரில் இணைத்து, அங்கிருந்து ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளைப் புரொஜெக்டருக்குக் கொண்டு செல்லுங்கள். 4கே படத்துக்குப் பத்து மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் ஆப்டிகல் வகைக் கேபிள் நல்லது.

லேப்டாப்பை இணைத்தவுடன் விண்டோஸ் கீயுடன் ‘பி’ கீயை அழுத்தினால் ஒரு சிறு மெனு வரும். அதில் ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இரவுக் காட்சி ஒன்றை ஓடவிடுங்கள். அறை இருட்டாக இருந்தும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டாலோ கிராபிக்ஸ் செட்டிங்கைத் திறந்து, ‘ஃபுல் ரேஞ்ச்’, ‘லிமிடெட் ரேஞ்ச்’ என்று இருப்பதைப் பாருங்கள். லேப்டாப்பிலும் புரொஜெக்டரிலும் இது ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டினால், தலைமுடியின் இழைகள் தனித்தனியே தெரியத் தொடங்கும்.