திரி

பார்வைக்குச் சிறியனவாய்ப் பொருளால் பெரியனவாய் விளங்கும் சொற்கள் தமிழில் பல உள்ளன. இரண்டே எழுத்துகளால் ஆகிய ‘திரி’ என்னும் சொல் அவற்றுள் ஒன்று. அகல் விளக்கில் எரிவதும் திரி. பட்டாசின் தலையில் நீண்டிருப்பதும் திரி. இலக்கண நூலார் எடுத்து ஆள்வதும் இச்சொல்லே. விருதுநகர் வட்டாரத்து மக்களின் நாவில் நாள்தோறும் பயிலும் இச்சொல்லின் பிறப்பையும் பொருளையும் ஈண்டுக் காண்போம்.

‘திரி’ முதலில் ஒரு வினைச்சொல். சுழலுதல், திரும்புதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். திரும்பு, திருகு என்னும் சொற்கள் இதற்கு உறவுடையன. தானியம் அரைக்கும் கல்லுக்குத் திரிகை என்று பெயர். அது சுழல்வதே அப்பெயருக்குக் காரணம். தென்மாவட்டங்களில் மாவு அரைத்தலை ‘மாவு திரித்தல்’ என்பர். மலையாளத்தில் ‘திரி’ என்றும், கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘திருகு’ என்றும் இச்சொல்லின் இனமொழிகள் வழங்குகின்றன. ஆதலின், இது திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் எனத் தெளியலாம். திரிகடுகம், திரிபலை என்பவற்றில் உள்ள ‘திரி’ வேறு. அது மூன்று என்னும் பொருளுடைய வடசொல்.

சுழலுதல் என்னும் பொருளிலிருந்து பிற பொருள்கள் கிளைத்தன. ஓரிடத்தில் நில்லாமல் அலைவதும் ஒருவகைச் சுழற்சியே. ஆதலால், ‘ஊர் ஊராகத் திரிந்தான்’ என்கிறோம். முன்னிருந்த நிலையினின்று மாறுவதும் திரிதலே. ஆதலால், ‘பால் திரிந்தது’ என்கிறோம். ‘திரிந்தது’ என்பது தன்வினை. ‘திரித்தான்’ என்பது பிறவினை. பஞ்சை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து முறுக்குவது திரித்தல். அங்ஙனம் திரிக்கப்பட்ட பொருளும் திரி என்றே பெயர் பெற்றது. தொழிலின் பெயர் அத்தொழிலால் ஆகிய பொருளுக்கு ஆகி வந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு ஒப்பான வினை ஒன்று உண்டு. அது ‘டர்ன்’ என்பது. கிரேக்க மொழியில் கடைசற் கருவியைக் குறித்த ஒரு சொல், இலத்தீன் வழியே ஆங்கிலம் புகுந்து அவ்வினை ஆயிற்று. சுழலுதல், திரும்புதல், மாறுதல் ஆகிய பொருள்களை அதுவும் தருகிறது. பால் கெடுதலை ஆங்கிலேயரும் அச்சொல்லாலேயே கூறுவர். கடலால் பிரிந்த இரு நாட்டு மக்களும் சுழற்சியிலிருந்து மாற்றத்தை எண்ணியமை வியக்கத்தக்கது.

ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி வேறு சொல் காண்பது அந்நாட்டாருக்கு ஒரு விளையாட்டு. ‘டர்ன்’ என்பதன் நான்கு எழுத்துகளை மாற்றியமைத்தால் ‘ரன்ட்’ என்னும் சொல் கிடைக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் மிகச் சிறியதை அது குறிக்கும். நம் ‘திரி’யை அவ்வாறு மாற்றினால் ‘ரிதி’ என ஆகும். தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலாகாது. அதனாலன்றோ இராசபாளையம் என அவ்வூர்ப் பெயரை இகரம் சேர்த்து எழுதுகிறோம்!

ஆயினும், எழுத்து இடம் மாறுதல் தமிழுக்கு அயலானது அன்று. தசை என்பது சதை எனவும், விசிறி என்பது சிவிறி எனவும், ஞிமிறு என்பது மிஞிறு எனவும் வரும். நாட்டுப்புற மக்கள் மதுரையை ‘மருதை’ என்றும், குதிரையைக் ‘குருதை’ என்றும் கூறுவதும் இவ்வகையினதே. இங்கு எழுத்து மாறினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கில விளையாட்டுக்கும் தமிழ் வழக்குக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இலக்கண நூலாரும் ‘திரி’யைப் போற்றிக் கொண்டனர். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பவணந்தி முனிவர் நன்னூலில் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக உரைத்தார். பொன், குடம் என்பன சேர்ந்து பொற்குடம் ஆகும்பொழுது னகரம் றகரமாகத் திரிகின்றது.

இனிச் சிவகாசித் திரியைக் காண்போம். மழை குறைந்த கரிசல் நிலம் அது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கு நிறுவினர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்த கலவையை இவ்வட்டாரத்தார் மருந்து என்பர். பருத்தி நூலை அம்மருந்துக் குழம்பில் தோய்த்து உலர்த்தினால் அது கருந்திரி ஆகும். அகல் திரி எண்ணெயை உறிஞ்சி நின்று எரியும். கருந்திரியோ தன்னுள் உள்ள மருந்தால் ஓடி எரியும்.

பட்டாசுக்குத் திரி எதற்கு? தீ வைப்பவன் விலகிச் செல்லச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்தை அளந்து தருவது திரியே. மிகக் குறுகிய திரியும், மருந்து மிகுந்த திரியும் அந்நேரத்தைக் குறைத்துவிடும். ஆதலின், திரி செய்வோரின் கையில் பிறர் உயிர் இருக்கிறது. அவர்தம் உயிரும் அத்தொழிலில் ஊசலாடுகின்றது. மருந்து உராய்வைப் பொறுக்காது. சிறு பொறியும் பெருந்தீ ஆகும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் பெறாத வீடுகளில் கருந்திரி செய்வதைச் சட்டம் தடுத்திருப்பது இத்தகைய கேடு கருதியே. வறுமையால் சிலர் அதனை மறைவாகச் செய்வதும், அடுப்பும் குழந்தைகளும் உள்ள இல்லத்திலேயே மருந்து உலர்வதும் மிகவும் வருந்தத்தக்கன.

மாணவர்களே! தீபாவளி நாளில் திரியைப் பற்றவைக்கும்பொழுது இரண்டினை நினைவிற் கொள்ளுங்கள். திரி அணைந்ததுபோல் தோன்றினும் அருகே சென்று குனிந்து பார்த்தல் கூடாது. உள்ளே நெருப்பு உறங்கியிருக்கலாம். பெரியோரை அழைத்து, நெடுநேரம் கழித்து, தொலைவிலிருந்து நீர் ஊற்றச் செய்யுங்கள். மற்றொன்று, நீங்கள் விலகி நிற்கப் போதிய நேரம் எரியுமாறு அத்திரியைச் செய்து தந்தவர்கள் கரிசல் நிலத்து ஏழை எளியோர் என்பது. அவர்கள் பணி முடித்து நலமாக வீடு திரும்ப வேண்டும். ‘திரும்பு’ என்பதும் ‘திரி’யின் உறவுச் சொல்லே அன்றோ!