கத்தி யார் கையில்?

சம்பாக் கதிர்கள் பால் பிடிக்கும் மார்கழியில், தஞ்சைத் தரணியின் சிற்றூர்களிலே கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான வேலைகள் களைகட்டிவிடும். மூங்கில் சிம்புகளை நட்சத்திரமாகக் கட்டி வண்ணத்தாள் ஒட்டுவார் ஒருபுறம். குடிலுக்கு வைக்கோல் சுமப்பார் மறுபுறம். மெல்லிய தாளை எட்டாக மடித்துக் கத்தரிக்கோலால் ஆங்காங்கே நறுக்கிப் பிரித்தால், பூவேலை நிறைந்த தோரணம் விரியும். அதைக் கண்டு கைதட்டிய சிறுவர்களில் நாமும் ஒருவராய் இருந்தோம்.

சென்ற ஆண்டு அந்நாள்களில், நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, மகளிர் குழுவில் கடன் வாங்கி, தாள் வெட்டும் மெஷின் ஒன்று எடுக்கலாமென்று இருக்கிறேன். பிறந்தநாள் தோரணம், கேக்கில் செருகும் பெயர், புதுநன்மை விழாவுக்கு நினைவுப் பெட்டி எல்லாம் செய்து விற்கலாமாம். எடுக்கலாமா?" என்று கேட்டார். கணவருக்கு அறுவடைக் காலத்தில் மட்டுமே கூலி, பிள்ளைகள் இருவர். ஆசையில் கேட்ட கேள்வியன்று அது. எனவே, உடனே விடை சொல்லாமல், விசாரித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். விசாரித்ததில் அறிந்தவற்றை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிவது நலமென்று இங்கே எழுதுகிறோம்.

கத்தரிக்கோலுக்கு அடுத்து வந்தது 'டை' என்னும் வெட்டு அச்சு. மாவுப் பலகாரத்தை அச்சால் அழுத்தி வெட்டுவதுபோல, எழுத்தின் வடிவில் வளைத்த கூரிய தகட்டைத் தாளின்மேல் வைத்து அழுத்துவது இம்முறை. அமெரிக்க நாட்டில் 1977-இல் தொடங்கப்பட்ட எலிசன் என்னும் நிறுவனம், பள்ளி ஆசிரியைகள் சுவரில் ஒட்டும் எழுத்துகளை இவ்வாறு வெட்டித்தரும் கைப்பொறியைச் செய்தது. மின்சாரம் வேண்டாம்; ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு தனி அச்சு வாங்கியாக வேண்டும்.

இதற்கிடையே, கணிப்பொறியின் கட்டளைப்படி பேனாவால் படம் வரையும் கருவிகள் தோன்றியிருந்தன. பேனாவை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் சிறு கத்தியைப் பொருத்தினால் என்ன? இந்த எண்ணத்திலிருந்தே இன்றைய பொறி பிறந்தது. உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி இடமும் வலமும் ஓடுகிறது. வளைவுக்குத் தக்கபடி அதன் முனை தானே திரும்பிக்கொள்கிறது. முதலில் இது விளம்பரப் பலகைக் கடைகளுக்கு வந்தது. நம் ஊர்களில் 'ஸ்டிக்கர் கட்டிங்' என்று பெயர்ப்பலகை தொங்கும் கடைகளில் ஓடுவது இதுவே. வண்டியின் எண்பலகையைத் தூரிகையால் எழுதிப் பிழைத்த ஓவியர்கள் பலர் அந்நாள்களில் வேலை இழந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

பின்னர் இப்பொறி சிறுத்து வீட்டு மேசைக்கு வந்தது. அமெரிக்காவின் பிரோவோ கிராஃப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'கிரிக்கட்' இவற்றுள் புகழ்பெற்றது. தொடக்கத்தில் உருவங்கள் சிறு பேழைகளில் அடங்கி வந்தன. பேழையை வாங்கிச் செருகினால் அதிலுள்ளவற்றை வெட்டலாம். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் அந்நாட்டு விழாக்களின் உருவங்களுமே. 2014-இல் வந்த 'எக்ஸ்புளோர்' என்னும் வகையோ, இணையத்தின் வழியே அந்நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு இயங்கியது. பேழை கட்டாயமில்லை; நாமே வரைந்ததையும் வெட்டலாம் என்றாயிற்று.

ஆனால் புதிய சிக்கலும் உடன் வந்தது. 2021 மார்ச்சில் அந்நிறுவனம், கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 உருவங்களை மட்டுமே சொந்தமாக ஏற்றலாம் என்று அறிவித்தது. பணம் கொடுத்து வாங்கிய பொறி தம் வீட்டு மேசைமேல் இருந்தும், அதைப் பயன்படுத்த வேறொருவரின் அனுமதி வேண்டுமா என்று மக்கள் கொதித்தெழுந்தனர். சில நாள்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. கத்தி நம் வீட்டில் இருந்தாலும் அதன் பிடி தொலைவில் இருக்கக்கூடும் என்பது அன்று பலருக்கும் விளங்கிற்று.

தொலைவிலிருந்து வந்த வடிவங்கள் நம் காவிரிக் கரைக்குப் புதியனவல்ல. சீகன்பால்கு பணியாற்றிய தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சுப்பொறி வந்தது. அதற்குரிய தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பட்டு 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாய் இருந்தமையால் அரிதான காகிதம் வீணாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பொறி கடல் கடந்து வந்ததுதான். அது நமக்கு நன்கு பயன்பட்டதோ, எழுத்தை இங்கேயே வடிவமைத்த பிறகுதான்.

தஞ்சையின் நெட்டி வேலையும் இதையே கூறுகிறது. குளம் குட்டைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தக்கையைக் கூரிய கத்தியால் சீவிப் பெரிய கோயிலையே சிற்றுருவாக்கும் கலை அது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. மேசைப் பொறி பெரும்பாலும் வெட்டுவது மெல்லிய தாள், அட்டை, ஸ்டிக்கர் போன்றவற்றையே. நொறுங்கும் தக்கையில் எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கைவிரலே அறியும்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, அச்சகோதரிக்கு நாம் சொன்னது இதுதான். "பொறி வாங்குமுன் நான்கு கேள்விகள் கேள், அம்மா. இணையம் இல்லாதபோதும் அது ஓடுமா? தேயும் கத்திக்கும் பசை விரிப்புக்கும் மாதம் எவ்வளவு ஆகும்? பழுதானால் தஞ்சையிலோ திருச்சியிலோ பார்ப்பார் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீ விற்கப்போவது யாருடைய வடிவம்? உலகமெல்லாம் வெட்டும் அதே பூவை நீயும் வெட்டினால், விலையைக் குறைப்பதைத் தவிர உனக்கு வேறு வழி இராது."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "எங்கள் பாட்டி போடும் கோலம் வேறு எங்கும் இல்லை, சாமி" என்றார். அந்த ஒரு சொல்லில் வழி பிறந்தது. கடனை ஒத்திவைத்தார். அக்கோலங்களைத் தாளில் வரைந்து, நகரத்து ஸ்டிக்கர் கடையில் கூலி கொடுத்து அட்டையில் வெட்டி வாங்கி, புதுநன்மைக்குப் பத்துப் பெட்டிகள் செய்தார். பத்தும் விற்றன. அதன் பிறகே மூன்று பெண்கள் பங்கு போட்டுப் பொறி வாங்கினர். கையால் வரைந்ததைப் படமெடுத்து அப்படியே வெட்டும் வகையும் இன்று கிடைக்கிறது. ஜப்பானின் பிரதர் நிறுவனம் 2013-இலேயே அத்தகைய பொறியைக் கொண்டுவந்தது. பாட்டியின் கோலத்துக்கு அது பொருத்தமன்றோ!

பெற்றோரே, பொறியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். இவ்வாண்டு விழாவுக்கு நட்சத்திரம் கடையிலிருந்து வரட்டும்; தோரணத்தையேனும் பிள்ளைகள் தாள் மடித்து வெட்டட்டும். கோணலாய் வந்தால் என்ன? மனத்தில் கண்டதைக் கையால் செய்யப் பழகிய பிள்ளையே, நாளை எந்தப் பொறியையும் ஏவல் கொள்ளும்.