நடுக்கம் நின்றாலும் நில்லாத நிலம்

மடவார் வளாகத்தில் நாம் ஊன்றி நிற்கும் நிலம் அசையாதது என்றே எண்ணுகிறோம். ஆனால் இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தமான் அருகே கடலடியில் அது பர்மா தட்டின் கீழே செருகிச் செல்கிறது. அங்கே இரு பாறைப் பரப்புகளும் பல நூற்றாண்டுகள் இறுகப் பற்றி நின்று, ஒரு நாள் திடீரென வழுக்குகின்றன. அதுவே நிலநடுக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ரா முதல் அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அவ்வாறு வழுக்கியது. நாகூரும் நாகப்பட்டினமும் கண்ணீரில் மூழ்கிய நாள் அது.

அந்த வழுக்கலை அளந்தது எப்படி? 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு, பாறையில் பதித்த கருவி தன் இருப்பிடத்தை மில்லிமீட்டர் நுட்பத்தில் கூறும். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டனர். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர், மேற்குப் புறமாகச் சுமார் 3 மீட்டர் நகர்ந்து, ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

வியப்பு அதோடு முடியவில்லை. அதிர்வு ஓய்ந்த பின்னரும் நிலம் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நகர்ந்தது. ஓரிடத்தில் தளர்ந்த இறுக்கம் அண்டைப் பகுதியின்மேல் ஏறும். 2005 மார்ச் 28 அன்று அருகிலுள்ள நியாஸ் தீவில் 8.6 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்!

நிலநடுக்கம் வரும் நாளை எவராலும் முன்னறிவிக்க இயலாது. ஆயினும் இறுக்கம் எங்கே சேர்கிறது என்பதை இவ்வளவுகள் உணர்த்தும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளும் இப்பணிக்குத் துணைநிற்கும். கரையோர உறவினருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல், உடனே மேட்டுநிலம் நோக்கி விரையுங்கள்.