இருபத்தொரு வயதில் முடிந்த ஆட்டம்

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆந் திகதி, மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் தனது சொந்த மைதானத்திலேயே காடிவ் அணியிடம் 4க்கு 1 என்ற கணக்கில் தோல்வியுற்றது. மறந்துவிடத் தக்க ஆட்டந்தான். ஆயினும் அதனை உதைபந்தாட்ட வரலாறு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அன்று தோற்ற அணியிலே, இடைநிலையில் இடப்புறம் நின்று ஆடிய சிறுவனுக்கு வயது பதினாறரை. டங்கன் எட்வேட்ஸ் என்பது அவன் பெயர்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், இரும்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த டட்லி என்னும் ஊரில் 1936 அக்டோபர் முதலாந் திகதி அவன் பிறந்தான். தந்தை இரும்பாலைத் தொழிலாளி. தங்கை ஒருத்தி கைக்குழந்தையாகவே இறந்துவிட, பெற்றோருக்கு எஞ்சிய ஒரே பிள்ளை அவன். பாடசாலை நாட்களில் மொரிஸ் எனப்படும் கிராமிய நடனத்திலும் அவன் வல்லவனாயிருந்தான் என்பதைப் பலர் அறியார். நடனப் போட்டிக்கான அழைப்பும், பாடசாலை மாணவருக்கான இங்கிலாந்து உதைபந்தாட்டத் தேர்வுக்கான அழைப்பும் ஒருங்கே வந்தபொழுது, அவன் பந்தையே தெரிந்தெடுத்தான்.

அக்காலத்தில் யுனைற்றெட் கழகத்தை நிருவகித்தவர் மற் பஸ்பி. பிற கழகங்களில் பெயர் பெற்றவர்களைப் பெரும் பணங் கொடுத்து வாங்குவதை மட்டும் நம்பியிராது, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளைத் தாமே வளர்த்தெடுப்பது அவருடைய கொள்கை. 1952இல் டங்கனும் இவ்வாறே அங்குச் சேர்ந்தான். பந்தாட்டம் கைகொடாது போனால் பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டுமே என்று தச்சு வேலையும் பழகினான். எவ்வளவு புகழ் பெற்ற ஆட்டக்காரராயினும் வாரமொன்றுக்கு 15 பவுணுக்கு மேற் பெறலாகாது என்ற விதி அன்று இருந்தபடியால், இந்த முன்யோசனையைக் குறை சொல்ல முடியாது. அவ்வுச்சவரம்பு 1961இலேதான் நீங்கியது. வாடகை அறையில் தங்கிச் சைக்கிளிற் சென்று வந்தவன், ஒருமுறை விளக்கில்லாது ஓட்டியதற்காகப் பொலிசாரிடம் அகப்பட்டான். நீதிமன்றம் விதித்த குற்றப்பணம் போதாதென்று, கழகமும் இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது!

உடலோ மல்லனுடையது. இரு கால்களாலும் ஒரே வலிமையுடன் பந்தை உதைப்பான். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதிலும், நெடுந்தூரம் அளந்து அனுப்புவதிலும், தலையால் முட்டுவதிலும் நிகரற்றவன். காவல் வரிசையில் நிறுத்தினாலென்ன, முன்வரிசையில் நிறுத்தினாலென்ன, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

1955 ஏப்ரலில் ஸ்கொத்லாந்தை 7க்கு 2 என இங்கிலாந்து வென்ற ஆட்டத்தில், தமது பதினெட்டாவது வயதில் அவர் நாட்டுக்காக முதன்முறை ஆடினார். போருக்குப் பிற்பட்ட காலத்தில் அவ்வளவு இளவயதில் இங்கிலாந்துக்காக ஆடியவர் 1998இல் மைக்கல் ஓவன் வரும்வரை வேறெவருமில்லை. வேடிக்கை என்னவெனில், அதே மாதத்தில் அவர் கழகத்தின் இளைஞர் அணிக்காகவும் இறுதிப் போட்டியில் ஆடினார். நாட்டு அணியில் இடம்பெற்ற ஒருவரைப் பிள்ளைகளோடு ஆடவிடுவது முறையா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எதிரணிப் பையன்களின் நிலையை எண்ணினால் அந்த முறைப்பாடு நியாயமானதே. இளைஞர் கிண்ணம் மூன்றாவது முறையாகவும் யுனைற்றெட் கைக்கே வந்தது.

பின்னர் கட்டாய இராணுவ சேவை வந்தது. கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆடியது போக, இராணுவ அணிக்கும் அவர் ஆடவேண்டியிருந்தது. 1956 மே மாதம், உலகக் கிண்ணத்தை வைத்திருந்த மேற்கு ஜேர்மனியை இங்கிலாந்து பேர்லினில் 3க்கு 1 என வென்றபொழுது, அவர் அடித்த கோல் அந்நாட்டு மக்களையே வியக்க வைத்தது. 1956இலும் 1957இலும் யுனைற்றெட் இங்கிலாந்தின் லீக் வெற்றிக் கழகமாயிற்று.

1958 பெப்ரவரி 5ஆந் திகதி பெல்கிறேட்டில் ரெட் ஸ்ரார் கழகத்துடன் 3க்கு 3 எனச் சமநிலையில் முடித்து, ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிக்குத் தகுதி பெற்ற அணி மறுநாள் விமானத்தில் வீடு திரும்பியது. எண்ணெய் நிரப்ப மியூனிக்கில் இறங்கிய விமானம் இருமுறை எழ முயன்றும் முடியவில்லை. பயணிகள் இறக்கப்பட்டனர். இனி இன்று பயணமில்லை என்றெண்ணிய டங்கன், நாளைதான் வருவேன் என்று தாம் தங்கியிருந்த வீட்டு அம்மையாருக்குத் தந்தி கொடுத்தார். சற்று நேரத்தில் அனைவரும் மீண்டும் அழைக்கப்பட்டனர். மூன்றாம் முறை, ஓடுபாதையில் உருகிக் கிடந்த பனிச்சேறு வேகத்தைத் தடுக்க, விமானம் வேலியை உடைத்துச் சென்று நொறுங்கியது. அந்த விபத்து கொண்டுபோன உயிர்கள் 23. தந்தி மன்செஸ்ரரை அடைந்தபொழுது விபத்து நிகழ்ந்து முடிந்திருந்தது.

டங்கன் உடனே இறக்கவில்லை. சிறுநீரகங்கள் சிதைந்த நிலையிலும், தம்மைப் பார்க்க வந்த உதவி நிருவாகி ஜிம்மி மேர்பியிடம், அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அவர் வினவினாராம். செயற்கைச் சிறுநீரகம் வரவழைத்து வைத்தியர்கள் போராடினர். பதினைந்தாம் நாள், பெப்ரவரி 21ஆந் திகதி, உயிர் பிரிந்தது. கழகத்துக்காக 177 ஆட்டங்கள், நாட்டுக்காக 18 ஆட்டங்கள் ஆடியிருந்தார். வயது 21.

1961இல் டட்லியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், பந்தாட்ட உடையில் அவர் தோன்றும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை மற் பஸ்பி திறந்து வைத்தார். தந்தையார் இரும்பாலையை விட்டு, மகன் அடங்கிய இடுகாட்டிலேயே தோட்டக்காரராகச் சேர்ந்தார். மகனுக்கு அருகிலிருக்கவே வந்தார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். அவரோ, வேலையை மாற்றவேண்டி வந்தது, பூஞ்செடிகளில் தமக்கு எப்பொழுதும் விருப்பமுண்டு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.