தலையைக் கழற்றும் இடம்

எங்கள் தெருமுனை மளிகைக்கடை பொங்கலுக்கு அரைநாள் மூடும், தீபாவளிக்கு ஒருநாள் மூடும். நவராத்திரி வந்தால் மட்டும் ஒரு வாரத்துக்கு ஷட்டர் இறங்கிவிடும். அரக்கோணத்தில் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலானாலும் கடைக்காரர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்தான். எல்லோருக்கும் அண்ணாச்சி. ஆவணி கடைசியிலேயே அவர் சிவப்பு வேட்டிக்கு மாறிவிடுவார், கழுத்தில் மாலை ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் சிவப்பைப் பார்த்தால் மேல்மருவத்தூர் என்றுதான் நினைப்பார்கள். பருப்பு வாங்க வருகிற பெண்கள் அவரை ‘சக்தி’ என்று கூப்பிடுவார்கள். அவரும் திருத்தியதில்லை.

அவர் மருவத்தூருக்குப் போகிறவர் இல்லை. குலசைக்குக் கரடி வேஷம் கட்டுகிறவர்.

திருச்செந்தூரிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். அங்குள்ள முத்தாரம்மன் கோயிலின் தசரா, மைசூருக்கு அடுத்தபடி என்று பேர் வாங்கியது. மைசூரில் ஊர்வலம் போவதை மக்கள் நின்று பார்க்கிறார்கள். குலசையில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் ஊர்வலமாகத்தான் வருகிறார்கள். காளி, கரடி, குரங்கு, குறவன், குறத்தி, எமன், ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று ஆயிரக்கணக்கான வேஷங்கள். முத்து என்றால் அம்மை முத்து. அதை ஆற்றுகிறவள் முத்தாரம்மன் என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். உடம்பு தேறினால், குழந்தை பிறந்தால், வேலை கிடைத்தால், இத்தனை வருடம் இந்த வேஷம் என்று நேர்ந்துகொள்வது வழக்கம். அண்ணாச்சியின் கரடிக்கு என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. அது கேட்கிற விஷயம் இல்லை.

2024 தசராவுக்கு அவரோடு நானும் போனேன். கரடியின் உடம்பு பரணில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு வருடம் தூங்கியிருந்தது. கருப்பு நைலான் ரோமத் துணியில் தைத்த சட்டையும் கால்சட்டையும். தலை தனி; ஸ்பாஞ்சு வைத்துக் கட்டி, மேலே அதே துணி போர்த்தியது. கரடியின் வாய் திறந்திருக்கும், அதன் வழியாகத்தான் உள்ளே இருப்பவருக்கு வெளி உலகம். தலையை 25 கிலோ அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டுக்குத் தக்கோலம், காஞ்சிபுரம் வழியாகப் போகிற வண்டியில் ஏறினோம். செங்கல்பட்டில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸைப் பிடிப்பதாகத் திட்டம்.

தக்கோலம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுப் பையன் பையிலிருந்து எட்டிப்பார்த்த காதைக் கண்டுபிடித்துவிட்டான். மாட்டிக் காட்டச் சொல்லி அடம். அவன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அண்ணாச்சி காதைத் தொட்டுப் பார்க்க விட்டாரே தவிர, தலையை வெளியே எடுக்கவில்லை. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “காப்புக் கட்டாம தலைய மாட்டப்பிடாது தம்பி. மாட்டினா அது சும்மா பொம்மைல்லா?”

அந்த ஆண்டு ஜூலையில்தான் என் அக்கா மகன் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். படிக்கப் போனவன். நகரத்தின் நடுத்தெருவில் நீல நிற ஓநாய்கள், கண்ணாடி போட்ட நரிகள், இரண்டு கால்களில் நடக்கும் சிறுத்தைகள், ஒரு டிராகன் என்று நூற்றுக்கணக்கில் நடந்து போகின்றன. இருபுறமும் உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கையாட்டுகிறார்கள். கூடவே ஒரு வரி: “மாமா, உங்க அண்ணாச்சிக்கு இங்க சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க.”

அது ஆந்த்ரோகான். மனிதரைப் போல் நடந்து பேசும் மிருகப் பாத்திரங்களின் மேல் பிரியம் கொண்டவர்களை ஃபர்ரி என்கிறார்கள். அவர்களுடைய பெரிய கூடல்களில் இது ஒன்று. ஃபர்ரிகளின் கூட்டம் அறிவியல் புனைகதை ரசிகர்களின் மாநாடுகளில் ஓரமாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவர்களிலிருந்து கிளைத்தது. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் தனக்கென்று முதல் மாநாடு நடத்தியபோது வந்தவர்கள் 65 பேர். ஆந்த்ரோகான் 1997-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் தொடங்கி, 2006-இலிருந்து பிட்ஸ்பர்க்கில் நிலைத்துவிட்டது. 2024-இல் அங்கே கூடியவர்கள் 17,000-க்கும் அதிகம். அந்த ஊரில் ஆரம்பத்தில் சிரித்திருப்பார்கள். இப்போது வரவேற்றுத் துணிப் பதாகை கட்டுகிறார்கள்.

ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மிருகத்தை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர், நிறம், குணம் எல்லாம் உண்டு. ஆனால் முழு உடை எல்லோரிடமும் கிடையாது. செயற்கை ரோமமும் ஃபோமும் கொண்டு உடம்பளவுக்குச் செய்து வாங்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். பெரும்பாலோர் ஒரு வாலோடும் இரண்டு காதோடும் திருப்திப்படுகிறார்கள். உடை போட்டவர்களுக்கு ஓர் எழுதாத சட்டம்: நாலு பேர் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது. பலர் வாயே திறப்பதில்லை; எல்லாம் சைகைதான். உள்ளே வியர்வை ஆறாக ஓடும். கண்ணுக்கு இருப்பது ஒரு துண்டு வலை. அதில் எதிரே இருப்பது தெரியும், படிக்கட்டு தெரியாது. ஆகவே பக்கத்தில் சாதாரண உடையில் ஒரு துணையாள் வருகிறார். படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்வதும், வாலை இழுக்கும் பிள்ளைகளை விலக்குவதும், ஸ்ட்ரா போட்ட தண்ணீரை நீட்டுவதும் அவர் வேலை. மாநாட்டு வளாகத்துக்குள் ஓர் அறையும் உண்டு. பெரிய மின்விசிறிகள், தண்ணீர், தலைகளை வைத்து உலர்த்த இடம். உடை போட்டவரும் துணையாளும்தான் நுழையலாம். படம் எடுக்கக் கூடாது. நரியின் தலைக்குள்ளிருந்து வியர்த்துக் கொட்டும் ஒரு வங்கி ஊழியர் வெளியே வருவதை அந்த அறைக்கு வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாது.

தலையைக் கழற்ற ஓர் அறை. குலசை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஞாபகமாகவே இருந்தது. ஏனென்றால் அங்கே அப்படி ஓர் அறை தேவைப்படவே இல்லை.

கொடியேறிய பிறகு கோயிலில் மஞ்சள் கயிறு வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் காப்பு. அதற்கு அப்புறம்தான் வேஷம். விரத நாள் கணக்கு வேஷத்துக்கு வேஷம் மாறும். காளிக்குத்தான் கடுமை அதிகம். 41 நாள், 48 நாள் என்று இருப்பவர்கள் உண்டு. அந்தக் காளிகளின் சுமையைப் பார்க்க வேண்டும். கிரீடம், சடைமுடி, முதுகில் கட்டிய கைகள், தொங்கும் நாக்கு. ரோமம் இல்லை என்பதொழிய பிட்ஸ்பர்க் ஓநாய்க்குக் கொஞ்சமும் குறைந்த புழுக்கம் இல்லை. ஊருக்கு ஊர் தசரா குழு. ‘செட்’ என்றுதான் சொல்கிறார்கள். செட்டுக்கு மேளம், வண்டி, தங்குவதற்குக் குடில். அண்ணாச்சியின் செட்டில் காளி இரண்டு, குரங்கு மூன்று, ஒரு எமன், ஒரு நர்ஸ் (ஆள் மீசைக்காரர்), கரடி ஒன்று.

காலையில் கிளம்பி ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் கை நீட்ட வேண்டும். அரக்கோணத்தில் கடனுக்கு வந்தவர்களை நாளைக்கு வா என்று அனுப்புகிற மனிதர், ஓட்டு வீட்டு வாசலில் தட்டோடு நின்றார். கரடியைக் கண்டு அலறிய பிள்ளையின் கையில் அவன் ஆச்சி நாணயத்தைத் திணித்து, தட்டில் போடச் சொல்லித் தள்ளிவிட்டாள். சொந்தக் காசில் வேஷம் கட்டினாலும் சொந்தக் காசை உண்டியலில் போட்டால் நேர்ச்சை தீராதாம். பிச்சை எடுத்ததைத்தான் போட வேண்டும். “கடைக்காரன் கைய நீட்டணும்லா. அதான் அம்மை கேக்குறது” என்றார். ஆந்த்ரோகானிலும் ஒவ்வொரு வருடமும் விலங்குகளுக்கான ஏதோ ஓர் அறப்பணிக்குப் பணம் திரட்டித் தருகிறார்கள். அது நன்கொடை. இங்கே காசைவிடக் குனிகிற முதுகுக்குத்தான் கணக்கு.

பத்து வீட்டுக்கு ஒருமுறை டீக்கடை. கரடி தலையைக் கழற்றிப் பெஞ்சில் வைக்கும். குரங்குகள் வாலைத் தோளில் போட்டுக்கொண்டு பீடி தேடும்; காப்புக் கட்டியிருக்கிறோம் என்ற ஞாபகம் வந்ததும் கையை எடுத்துக்கொள்ளும். எல்லாம் நடுரோட்டில், எல்லோரும் பார்க்க. கரடிக்குள் இருப்பது வேர்த்து விறுவிறுத்த ஐம்பது வயது மளிகைக்காரர் என்று தெரிந்து யாருக்கும் ஏமாற்றம் இல்லை. தலை பெஞ்சில் கிடக்கும்போதும் டீக்காரர் அவரிடம், “சாமி, டீயா பாலா?” என்றுதான் கேட்டார். வேஷம் தலையில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. ரயிலில் அந்தப் பையனுக்கு ஏன் மாட்டிக் காட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கழற்றவே முடியாத வேஷமும் ஒன்று உண்டு. அரக்கோணத்தைத் தொட்டுச் சேலம், கோவை வழியாகப் போகும் வண்டிகள் திருச்சூரில் நிற்கின்றன. ஓணத்தின் நாலாம் நாள் அங்கே புலிக்களி. உடம்பு முழுக்க மயிர் மழித்து, முதல் பூச்சு காய்ந்து, அதன்மேல் கோடு எழுதி, தொந்தியில் ஒரு புலிமுகம் வரைந்து முடிக்க மணிக்கணக்காகும். அதுவரை கையைத் தூக்கியபடி அசையாமல் நிற்க வேண்டும். 2016-இல் முதன்முதலாகப் பெண்களும் புலியானார்கள். முகமூடியைக் கழற்றலாம், பூசியதைக் கழற்றுவது எப்படி? மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்க்கிறார்கள். தோல் எரியுமே என்று கேட்டால் புலிகள் சிரிக்கின்றன.

இன்னொரு பக்கம், தஞ்சாவூர் மாவட்டத்து மெலட்டூர். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரம் அங்கே ஆடப்படுகிறது. நரசிம்ம முகமூடி கோயிலில் வைத்துப் பூஜிக்கப்படும் பொருள். அதை அணிகிறவர் பட்டினி கிடந்து அணிகிறார். அணிந்ததும் ஆவேசம் வரும், எதிரே நிற்கும் இரணியன் நிஜமாகவே பின்வாங்க வேண்டியிருக்கும். அதனால் பல பேர் அவரைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்கிறார்கள். எங்களூருக்குப் பக்கத்துச் சோளிங்கர் மலையில் இருக்கும் நரசிம்மர் யோகத்தில் உட்கார்ந்திருப்பவர். 1,305 படி ஏறிப் பார்த்தால் சாந்தம்தான். மெலட்டூர்க்காரருக்குப் பிடிக்க ஆள் வேண்டும். பிட்ஸ்பர்க் துணையாள் பிடிப்பது விழாமல் இருக்க. மெலட்டூரில் பிடிப்பது பாயாமல் இருக்க.

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், ரசிகர்கள் பிடித்த பாத்திரங்களின் வேஷத்தில் கூடும் காமிக் கான் முதன்முதலாக நடந்தது. அதற்குப் பிறகு வேஷம் போடும் ஆசை நம் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கிறது. நரிக்காது வைத்த தலைப்பட்டியைப் பையில் ஒளித்துக்கொண்டு மின்சார ரயிலில் நந்தம்பாக்கம் போகிற பிள்ளைகள் அரக்கோணத்திலும் இருப்பார்கள். மண்டபத்துக்குள் நுழைந்த பிறகுதான் மாட்டுவார்கள், திரும்பும்போது வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். வீட்டில் கேட்டால் கண்காட்சி என்பார்கள். அண்ணாச்சியின் கரடிக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி அந்தக் காதுக்குக் கிடைக்காது. மணிக்கட்டில் கயிறு இல்லையே. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. நேர்ச்சைக்குக் கரடி ஆனால் பக்தி, ஆசைக்கு நரி ஆனால் கோமாளித்தனம் என்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

குலசையும் ஆசை கலக்காத இடம் இல்லை. சினிமாப் பாட்டுக்கு ஆட நட்சத்திரங்களைக் கூட்டிவரும் செட்டுகள் உண்டு. ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்தது. சாதி அடையாளக் கொடிகளையும் நாடாக்களையும் போலீஸ் தேடித் தேடித் தடுக்கிறது. நர்ஸ் வேஷக்காரர் போட்ட ஆட்டம் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கக் கிடைக்காதது.

பத்தாம் நாள், அக்டோபர் 12, நள்ளிரவு. சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு எதிரே கடற்கரையில் மணல் தெரியவில்லை. சிம்ம வாகனத்தில் அம்மன் வருகிறாள். மகிஷாசூரன் தன் தலையோடு வந்து வெட்டுப்பட்டு, சிங்கத் தலையோடு வருகிறான். பிறகு எருமைத் தலை, பிறகு சேவல். ஒவ்வொரு தலை விழும்போதும் கூட்டம் கத்துவது கடலைத் தாண்டிக் கேட்டிருக்கும். அவன் எத்தனை தலை மாற்றினாலும் அம்மனுக்கு ஆள் தெரிகிறது. சுற்றிலும் கரடிகளும் குரங்குகளும் தங்கள் தலைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு எம்பி எம்பிப் பார்க்கின்றன. இதே ஊருக்கு ராக்கெட் தளம் வருகிறது. அந்த பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். இனி வானத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கும் காளிகளுக்கும் ஒரே பஸ்தான்.

மறுநாள் மாலை காப்பு களைந்தார்கள். அண்ணாச்சி கரடித் தலையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, அரிசிப் பையில் போட்டுக் கட்டினார். திரும்புகிற ரயிலில் பை சீட்டுக்கு அடியில் கிடந்தது. யாரோ அதன்மேல் கால் வைத்தபோது கூட ஒன்றும் சொல்லவில்லை.

கடை திறந்த அன்று போனேன். வெள்ளை வேட்டி. வாய் ஓட்டை வழியாகத் தெரியும் முகத்துக்குப் பூசிய கருப்பு மை காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் இருந்தது. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், ஒரு அம்மாள் வந்து போன மாதப் பாக்கியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டாள். அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டுப் பருப்பை நிறுத்தார்.