கேம் திணறுவது ஏன்? செயலி கோர்களை விண்டோஸ் கையாளும் விதம்

விலை உயர்ந்த செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பொருத்தப்பட்ட கணினியிலும் சில வேளைகளில் கேம் திணறுவதுண்டு. எந்தப் பணியை எந்தக் கோரில் இயக்குவது என்று இயங்குதளம் எடுக்கும் முடிவும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

விநாடிக்கு 60 பிரேம்கள் தோன்ற வேண்டுமெனில், ஒவ்வொரு பிரேமும் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் தயாராக வேண்டும். 144 பிரேம்களுக்கு அந்த அவகாசம் 7 மில்லி விநாடிக்கும் குறைவு. பல கேம்களில் ஒரேயொரு முதன்மை திரெட் பெரும்பகுதிச் சுமையைத் தாங்குகிறது. அது வேகம் குறைந்த கோருக்குச் சென்றுவிட்டால், மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் பிரேம் தாமதமாகும். சராசரி வேகம் அதிகம் குறையாமலேயே காட்சி வெட்டி வெட்டி ஓடுவது இதனால்தான்.

கோர்கள் அனைத்தும் ஒரே திறனுடன் இருந்த காலத்தில் இது பெரிய சிக்கலாக இல்லை. 2021 நவம்பரில் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 12-ஆம் தலைமுறை செயலிகளில், கோர் ஐ9-12900கே ரகத்தில் 8 அதிவேகக் கோர்களும் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் 8 சிறிய கோர்களும் இடம்பெற்றன. திரெட்களின் தன்மையைக் கண்காணித்து விண்டோஸ் 11-க்குக் குறிப்பு அளிக்கும் ‘திரெட் டைரக்டர்’ என்ற அமைப்பும் அதில் உள்ளது. எனினும் இறுதி முடிவு இயங்குதளத்துடையதே. அந்தச் சிறிய கோர்களை வேறொரு கணினி எனத் தவறாகக் கருதி, சில கேம்களின் நகல் தடுப்பு மென்பொருள் கேமையே இயங்கவிடாமல் தடுத்த விநோதமும் அப்போது நடந்தது.

ஏஎம்டி நிறுவனம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ரைசன் 9 7950எக்ஸ்3டி செயலியில் சிக்கல் வேறு விதமானது. அதன் 16 கோர்கள் இரு சிப்லெட்களில் சரிபாதியாக உள்ளன. ஒன்றில் 96 எம்பி எல்3 கேச் நினைவகம். மற்றொன்றில் 32 எம்பி மட்டுமே, ஆனால் கடிகார வேகம் அதிகம். வேகமான கோரைத் தேடுவது இயங்குதளத்தின் வழக்கம். பல கேம்களுக்கோ பெரிய கேச்சே பலனளிக்கிறது. எனவே, ஓடுவது கேம் என்பதை விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் கேம் பார் கண்டறிந்ததும், ஏஎம்டி டிரைவர் மூலம் கேச் குறைந்த பகுதியின் கோர்கள் ஓய்வுநிலைக்கு அனுப்பப்படுகின்றன. தேவையற்றது எனக் கருதி கேம் பாரை நீக்குவோர் இந்த வசதியையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

விண்டோஸ் 11 அறிமுகமான 2021 அக்டோபரில், ஏஎம்டி செயலிகளில் எல்3 கேச்சின் தாமதம் சுமார் 3 மடங்கு வரை உயரலாம் என்றும், சில இ-ஸ்போர்ட்ஸ் கேம்களில் செயல்திறன் 10 முதல் 15 சதவீதம் வரை குறையக்கூடும் என்றும் அந்நிறுவனம் தெரிவித்தது. அதே மாதத்தில் வெளியான மென்பொருள் புதுப்பிப்பு அக்குறையைக் களைந்தது. வன்பொருளில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

டாஸ்க் மேனேஜரில் ‘அஃபினிட்டி’ அமைப்பின் வாயிலாகப் பயனரே கோர்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கேமை மூடினால் அத்தேர்வு நீங்கிவிடும். 4கே தெளிவுத்திறனில் விளையாடுவோருக்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டே வேகத்தின் எல்லை என்பதால், இத்தகைய மாற்றங்களால் பெரிய வேறுபாடு தெரியாது.