ஆய்வேடும் ஐந்தரை மணி ஓட்டமும்

திருவான்மியூர் கடற்கரையில் காலை ஐந்தரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் டாக்டர் சொல்லி நடக்க வந்தவர்கள். சர்க்கரை, கொழுப்பு, முட்டிவலி. அவர்களை ஒதுங்கச் சொல்லாமலே வளைந்து ஓடும் இளசுகளில் சிலருக்கு இன்னும் டாக்டர் பட்டம் வரவில்லை. அதற்காகத்தான் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஊரின் அமைப்பு அப்படி. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் ரோஜா முத்தையா நூலகமும், அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் (எம்.ஐ.டி.எஸ்.), கிண்டிப் பக்கம் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலை, தோல் ஆராய்ச்சி நிறுவனம். எல்லாம் சைக்கிள் மிதிக்கிற தூரம். ஹாஸ்டல் கிடைக்காதவர்கள் இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து இங்கே அறை எடுக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. கேட்க நல்ல தொகைதான். நெட் தேர்வில் ஃபெல்லோஷிப் வாங்காதவருக்கு அதுவும் இல்லை. அவர் டியூஷன் எடுத்தோ பகுதிநேர வகுப்பு நடத்தியோதான் வாடகை கட்ட வேண்டும். அவரிடம் போய் ஜிம்முக்கு வருடச் சந்தா என்று பேசக் கூடாது. கடற்கரைக்குச் சந்தா இல்லை.

மணல் சும்மா விடுவதும் இல்லை. கெட்டித் தரையில் ஓடுவதைவிட மென்மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று பெல்ஜியம் ஆய்வாளர்கள் 1998ல் அளந்து சொன்னார்கள். நேரம் இல்லாதவருக்கு இது லாபக் கணக்கு. ஆனால் ஏழு மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி இரண்டு மணி வரை லேபில் ரீடிங் எடுத்தவருக்கு அந்த விடியல் வாய்க்காது.

சிக்கலே அங்கேதான். பி.எச்டி.க்கு ஆபீஸ் நேரம் கிடையாது. 2022 யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, கேட்டால் இன்னும் இரண்டு. அதற்குள் எந்த நாள் வேலை நாள், எது ஓய்வு என்று எவரும் எழுதித் தருவதில்லை. 26 நாடுகளில் 2,279 பேரிடம் கேட்டு 2018ல் வந்த ஆய்வில், மிதமான அல்லது கடுமையான பதற்றம் 41 சதவீதம் பேருக்கு இருந்தது. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் பி.எச்டி. மாணவர்கள். தானாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால் எண்ணைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படிக்கலாம். கைடிடமிருந்து பதில் வராமல் மூன்று வாரம் காத்திருந்தவர்கள் தள்ளிவைக்க மாட்டார்கள்.

படிப்பு, லட்சியம், உடம்பு மூன்றையும் சமமாக நிறுத்தலாம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆறு மாதம் உழைத்தும் ஒரு வரி முடிவு வராத வேலையில் இருப்பவருக்கு, ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தாயிற்று. அந்த நிச்சயம் வேறெங்கே கிடைக்கும்?

ஆய்வையும் ஓட்டத்தையும் சேர்த்தே நடத்தியவர்களும் உண்டு. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணித ஆய்வாளர். கேட்டலோனியாவில் டாக்டர் பட்டத்துக்குப் படித்த காலத்தில்தான் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். பட்டம் 2016ல். அடுத்த வருடம் தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்து, ஒத்துவராமல் விலகினார். லோசான் தொழில்நுட்பப் பல்கலையில் ஆய்வு வேலை பார்த்துக்கொண்டே தன் பயிற்சியைத் தானே திட்டமிட்டு டோக்கியோ ஒலிம்பிக் போனார். 137 கிலோமீட்டர் பந்தயத்தின் தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்தார். பின்னால் வந்த கூட்டத்தில் பலர் இப்படி ஒருத்தி முன்னே போனதையே மறந்துபோனார்கள். காதில் ரேடியோ கிடையாது. 75 விநாடி கழித்து வந்த நெதர்லாந்து வீராங்கனை தனக்குத்தான் தங்கம் என்று கையை உயர்த்தினார்.

எல்லோரும் கீசன்ஹோஃபர் ஆக வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஓட்டம் என்றாலே ‘படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இது’ என்பார்கள். ஆனால் சென்னை ஐ.ஐ.டி. 2024-25லிருந்து விளையாட்டு வீரர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு இடம் கூடுதலாக ஒதுக்கியது. நல்ல காரியம். ஆய்வு மாணவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு இடஒதுக்கீடும் வேண்டாம். காலை எட்டு மணி மீட்டிங்கை ஒன்பதரைக்கு மாற்றினால் போதும். ஞாயிறு நீள ஓட்டம் ஓடியவர் திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வரும்போது, ‘பேப்பர் எங்கே’ என்பதற்கு முன் ‘எத்தனை கிலோமீட்டர்’ என்று கேட்கிற கைடு கிடைத்தால் அது போனஸ்.